எலிசபெத் காலத்து லண்டன் புத்தகக் கடைக்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷேக்ஸ்பியர் காலம் என்றதும் நாடகக் கொட்டகையும் அரசியும் நினைவுக்கு வருவார்கள். அந்தக் காலத்துப் புத்தகங்களுக்குப் பணம் போட்டவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பக்கம் அவரைப் பற்றியது. காலம்: முதலாம் எலிசபெத் ஆண்ட 1558 முதல் 1603 வரை. இடம்: பெரும்பாலும் லண்டன். பணக் கணக்கு குழப்பாமல் இருக்க ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

புத்தகக் கடைக்காரர் என்றால் விற்பவர் மட்டும்தானா?

இல்லை. இன்று பதிப்பாளர் என்று சொல்கிறோமே, அந்த ஆளும் பெரும்பாலும் அவர்தான். கையெழுத்துப் பிரதியை விலைக்கு வாங்குவார், காகிதம் வாங்குவார், அச்சுக்கூடத்தில் கொடுத்து அடிப்பார், வந்த தாள்களை மற்றக் கடைகளுக்கு மொத்தமாகத் தள்ளுவார், மிச்சத்தைத் தன் கடையில் சில்லறையாக விற்பார். அச்சடித்தவருக்கு அச்சுக்கூலி வந்துவிடும். எழுதியவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு போய்விடுவார். புத்தகம் விற்காமல் கிடந்தால் தலையில் துண்டு போட்டுக்கொள்ள வேண்டியவர் கடைக்காரர் ஒருவர்தான். அவருடைய வாழ்க்கையில் மற்ற எல்லாமே இதிலிருந்து கிளம்புபவை என்பது என் கருத்து.

அச்சகமும் கடையும் சேர்த்து வைத்திருந்தவர்களும் உண்டு. ஜான் டே அப்படிப்பட்ட பெரிய கை. ஆனால் ஆண்டுகள் போகப் போக முதல் போடுபவர் கை ஓங்கியது, அச்சடிப்பவர் கூலிக்கு வேலை செய்பவராக ஆனார்.

கடைகள் எங்கே இருந்தன?

புனித பால் தேவாலயத்தைச் சுற்றியிருந்த வளாகத்தில். பால்ஸ் சர்ச்யார்ட் என்று பெயர். இன்று நாம் பார்க்கும் குவிமாடக் கோயில் அல்ல. 1666 பெருந்தீக்கு முன்பிருந்த பழைய கோயில். அதன் உயரமான கூர்கோபுரம் 1561 ஜூனில் இடி விழுந்து எரிந்தது, திரும்பக் கட்டவே இல்லை. எனவே இந்தக் கடைக்காரர்களில் பெரும்பாலோர் தொழில் செய்தது மொட்டைக் கோபுரத்தின் அடியில்.

இடத்தேர்வில் வியாபார மூளை இருக்கிறது. கோயிலின் நடுக்கூடம் ஊர்ப் பொதுத்திண்ணை மாதிரி. வக்கீல்கள் கட்சிக்காரர்களைப் பார்ப்பார்கள், வேலைக்காரர்களை அமர்த்துவார்கள், புதுச் செய்தி கைமாறும். வெளியே பால்ஸ் கிராஸ் என்ற பிரசங்க மேடை. பிரசங்கம் கேட்க வரும் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. சுவரின் இடுக்குகளில் ஒட்டுக்கடைகளும், எதிரே மாடி வீடுகளின் தரைத்தளத்தில் பெரிய கடைகளுமாக வளாகம் முழுக்கப் புத்தகம்தான்.

கதவு எண் இல்லாத காலத்தில் முகவரி எப்படிச் சொன்னார்கள்?

தொங்கும் பலகையை வைத்து. வெள்ளை வேட்டைநாய், தேவதூதன், பிஷப் தலை, துப்பாக்கி. பலகை கடைக்காரருக்குச் சொந்தமல்ல, கட்டடத்துக்குச் சொந்தம் என்பது போலத்தான் நடந்தது. ஆள் மாறினாலும் வேட்டைநாய் அங்கேயே தொங்கும். புத்தகத்தின் முகப்புப் பக்கத்தின் கீழே 'பால்ஸ் சர்ச்யார்டில் வெள்ளை வேட்டைநாய் அடையாளத்தில் விற்கப்படும்' என்ற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்தக் கடையில் மட்டும்தான் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. மொத்தமாக வாங்க வரும் மற்றக் கடைக்காரர்களுக்கான முகவரி அது. வாசகர் எந்தக் கடையிலும் கேட்டு வாங்கலாம்.

கடைக்குள் நுழைந்தால் என்ன தெரியும்?

முதலில் ஒரு பையனின் குரல் கேட்கும். கடை வாசலில் நின்று 'என்ன வேண்டும் ஐயா, என்ன வேண்டும்?' என்று போகிற வருகிறவர்களை அழைப்பது தொழில் பழகும் பையனின் வேலை. தெரு ஜன்னலின் மரப்பலகையைக் கீழே சாய்த்தால் அதுவே விற்பனை மேசை. அதன்மேல் புதுச்சரக்கு. முகப்புப் பக்கத்தை மட்டும் தனியாகச் சில பிரதிகள் கூடுதலாக அடித்துக் கம்பங்களில் ஒட்டுவார்கள். அன்றைய போஸ்டர் அதுதான். அந்தக் காலத்து முகப்புப் பக்கங்கள் ஏன் அவ்வளவு நீளமாக, சரக்கைக் கூவி விற்பது போல இருக்கின்றன என்பது இதைத் தெரிந்துகொண்டால் புரியும்.

நாம் நினைக்கும் புத்தக அலமாரி அங்கே குறைவு. பெரும்பாலான சரக்கு கட்டாத தாள்களாகக் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும். வாங்குபவர் தாளாகவே வாங்கி, தன் வசதிக்கேற்ப கன்றுத்தோலிலோ மெல்லிய தோலுறையிலோ கட்டிக்கொள்வார். பைண்டிங் வேண்டுமென்றால் கடைக்காரரே ஏற்பாடு செய்து தருவார். நாடகம், துண்டுப் பிரசுரம் போன்ற சின்னச் சரக்குக்கு அந்த மரியாதை கிடையாது. ஓரத்தில் இரண்டு மூன்று துளை போட்டு, நூலைக் கோத்து முடிச்சு, அவ்வளவுதான். அட்டைகூட இல்லை. இன்று கோடிக்கணக்கில் ஏலம் போகும் ஷேக்ஸ்பியர் குவார்ட்டோக்கள், அதாவது நாடகங்களின் சின்ன அச்சுப் பிரதிகள், பிறந்தபோது இப்படித்தான் இருந்தன. அதனால்தான் அவ்வளவு குறைவாக மிஞ்சின.

புத்தகத்தோடு வெற்றுக் காகிதம், மை போன்ற எழுதுபொருள்களும் விற்ற கடைகள் உண்டு.

ஒரு புத்தகம் என்ன விலை?

தாள் கணக்கு. ஒரு பெரிய தாளை இரண்டு முறை மடித்தால் நான்கு இலை, எட்டுப் பக்கம். இந்த அளவுக்குப் பெயர்தான் குவார்ட்டோ. ஒரு நாடகம் ஒன்பது பத்துத் தாளில் முடிந்துவிடும். சில்லறை விலை வழக்கமாக 6 பென்ஸ் என்று கணக்கிடுகிறார்கள். ஒரு தாள் பாட்டு ஒரு பென்னி. லண்டனில் ஒரு நல்ல தச்சரோ கொத்தனாரோ நாள் முழுக்க உழைத்து ஒரு ஷில்லிங்கை ஒட்டிச் சம்பாதித்த காலம் அது. ஆக ஒரு நாடகம் அரை நாள் கூலி.

நல்வாய்ப்பாக ஒரு உண்மையான பில் நம்மிடம் இருக்கிறது. அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டோன்லி தினக்கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர். 1593 ஜூன் 12 அன்று பிரான்சைப் பற்றிய ஒரு நூலும் ஷேக்ஸ்பியரின் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' கவிதையும் சேர்த்து 12 பென்ஸுக்கு வாங்கியதாகக் குறித்து வைத்திருக்கிறார். ஷேக்ஸ்பியரின் அச்சுப் புத்தகத்தை ஒருவர் வாங்கியதற்கு நம்மிடம் உள்ள முதல் பதிவு இந்தச் செலவுக் கணக்குதான்.

1598-ல் கடைக்காரர்களின் சங்கமே ஒரு விதி போட்டது: சாதாரண அளவு எழுத்தில் அச்சான புதுப் புத்தகத்துக்கு இரண்டு தாளுக்கு ஒரு பென்னிக்கு மேல் வாங்கக்கூடாது. விலை ஏற்றுகிறார்கள் என்ற புகார் இல்லாமல் இப்படி ஒரு விதி எதற்கு?

ஒரு புத்தகம் போட எவ்வளவு முடங்கும்?

ஒன்பது தாள் நாடகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 800 பிரதி அடிப்பதாக வைத்துக்கொண்டால் 7,200 தாள். ரீமுக்கு 500 என்று போட்டாலும் 14 ரீமுக்கு மேல். காகிதத்தில் பெரும்பகுதி பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. இங்கிலாந்தில் நல்ல வெள்ளைக் காகிதம் சொல்லிக்கொள்ளும்படி உற்பத்தியாகவில்லை. அரசியின் நகைக்காரரான ஜெர்மானியர் ஜான் ஸ்பில்மன் 1588 வாக்கில் டார்ட்ஃபோர்டில் ஒரு ஆலை தொடங்கினார், ஆனால் ஒரு ஆலை எத்தனை பேருக்குப் போதும்?

காகிதச் செலவு முன்பணம். விற்பனை வருவது மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில். இன்றைய ஆஃப்செட்டில் வேண்டுமென்றால் மறுபடி அடிக்கலாம். அன்று ஈய எழுத்தை அவ்வளவு நாள் கோத்து வைத்திருக்க முடியாது. பக்கம் அச்சானதும் பிரித்து அடுத்த பக்கத்துக்குப் பயன்படுத்தியாக வேண்டும். மறுபதிப்பு என்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும். சரி, அப்படியானால் ஒரேயடியாக ஐயாயிரம் அடித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கும் தடை. அச்சுக்கோப்பவர்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக 1587-ல் சங்கம் ஒரு உச்சவரம்பு வைத்தது: ஒருமுறை கோத்ததில் 1,250 பிரதி, அதிகம் போனால் 1,500. பாலர் பாடம், இலக்கணம், ஜெபப் புத்தகம் போன்றவற்றுக்குச் சலுகை உண்டு.

இந்தத் தொழிலுக்கு எப்படி வருவது?

நேரே கடை போட முடியாது. ஒரு எஜமானரிடம் குறைந்தது ஏழு ஆண்டு கட்டுப்பட்டுத் தொழில் பழக வேண்டும். 24 வயதுக்கு முன்னால் விடுதலை கிடையாது. 14 வயதில் சேர்ந்த பையன் பத்து ஆண்டு பார்த்தாக வேண்டும். எஜமானர் வீட்டிலேயே சாப்பாடு, படுக்கை. தாள் மடிப்பது, சுமப்பது, வாசலில் கூவுவது, பாக்கி வசூல் எல்லாம் அவன் தலையில்.

முடித்ததும் ஸ்டேஷனர்ஸ் கம்பெனியில் உறுப்பினர் ஆவான். கம்பெனி என்றால் இன்றைய அர்த்தத்தில் இல்லை. அச்சடிப்பவர், கட்டுபவர், விற்பவர் எல்லோரும் சேர்ந்த வணிகர் சங்கம். 1557-ல் அரசி மேரியும் பிலிப்பும் சாசனம் கொடுத்தார்கள், 1559-ல் எலிசபெத் உறுதி செய்தார். அங்கத்தினர் ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் அபராதம் போடும் அளவுக்குக் கண்டிப்பு.

ஒரு ஓட்டையும் இருந்தது. லண்டனில் ஏதாவது ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் எந்த வியாபாரமும் செய்யலாம் என்பது பழைய வழக்கம். அதனால் ஜவுளிக்காரர் சங்கத்து ஆட்கள் ஒரு கூட்டமே புத்தகம் விற்றது. 1600-ல் அவர்களில் பலர் ஸ்டேஷனர்ஸ் சங்கத்துக்கு மாறினார்கள்.

பெண்கள் இருந்தார்களா?

விதவைகளாக, ஆம். கணவர் இறந்தால் கடையையும் உரிமைகளையும் மனைவி நடத்தலாம். ஜோன் புரூம் 1591 முதல் ஜான் லிலியின் நாடகங்களைத் தன் பேரில் வெளியிட்டார். இன்னொரு வழியும் நடந்தது: ஸ்ட்ராட்ஃபோர்டில் தோல் பதனிடுபவரின் மகனாகப் பிறந்து, ஷேக்ஸ்பியரின் ஊர்க்காரராக லண்டன் வந்த ரிச்சர்ட் ஃபீல்டு, வோட்ரோலியே என்ற அச்சகக்காரரிடம் பழகினார். அவர் 1587-ல் இறந்ததும் அவருடைய விதவை ஜாக்லினை மணந்து அச்சுக்கூடத்துக்கே உரிமையாளரானார். கணவர் உயிரோடிருந்த காலத்தில் அதே கடையில் அதே வேலையைச் செய்த மனைவிகளின் பெயர் முகப்புப் பக்கத்தில் வரவே இல்லை.

எழுத்தாளருக்கு என்ன கிடைத்தது?

ராயல்டி என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை ஒரு தொகை. துண்டுப் பிரசுரத்துக்கு 40 ஷில்லிங் என்பது அன்றைய கேலிப் பேச்சில் அடிபடும் எண். சிலருக்குப் பணத்துக்குப் பதில் சில பிரதிகள். மீதியை, நூலைச் சமர்ப்பணம் செய்த பிரபுவிடம் எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அப்படியானால் பதிப்புரிமை யாருக்கு?

சங்கத்தின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. 6 பென்ஸ் கட்டிப் புத்தகத்தின் பெயரைப் பதிந்தால் வேறு உறுப்பினர் அதை அடிக்கக் கூடாது. எழுதியவருக்கு இதில் இடமில்லை. பதியாமலே அச்சான புத்தகங்களும் ஏராளம்.

'வீனஸ் அண்ட் அடோனிஸ்' போன பாதையைப் பாருங்கள். 1593 ஏப்ரல் 18 அன்று ஃபீல்டு அதைப் பதிந்தார். வெள்ளை வேட்டைநாய் கடையில் ஜான் ஹாரிசன் விற்றார். 1594 ஜூனில் உரிமை ஹாரிசன் பெயருக்கு மாறியது. 1596-ல் வில்லியம் லீக் கைக்குப் போனது. வீட்டு மனை கைமாறுவது போலத்தான், ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஒரு வரி. கவிஞரைக் கேட்கவேண்டிய அவசியம் எந்தக் கட்டத்திலும் இல்லை. இன்னொரு வேடிக்கை: காமரசம் சொட்டும் இந்தக் கவிதைக்கு அனுமதிக் கையெழுத்துப் போட்டவர் கேன்டர்பரி பேராயர் விட்கிஃப்ட்.

திருட்டுப் பதிப்பு இருந்ததா?

இல்லாமலா? லாபம் உறுதியான சரக்கு எல்லாம் சிலரிடம் அரசுச் சலுகையாக, அதாவது அவர்கள் மட்டுமே அடிக்கலாம் என்ற தனியுரிமையாகக் குவிந்திருந்தது. பைபிள் ஒருவரிடம், சட்ட நூல் ஒருவரிடம், குழந்தைகள் அரிச்சுவடியும் சின்ன ஞானோபதேசமும் (கேள்வி பதிலாக அமைந்த சமயப் பாடம்) ஜான் டேயிடம். ரோஜர் வார்டு 1582-ல் அந்த அரிச்சுவடியில் 10,000 பிரதி திருட்டுத்தனமாக அடித்து மாட்டிக்கொண்டார். ஷேக்ஸ்பியரைத் திருடவில்லை, அரிச்சுவடியைத் திருடினார் என்பதைக் கவனியுங்கள். பணம் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஜான் வுல்ஃப் கதை இன்னும் சுவை. மீன் வியாபாரிகள் சங்கத்து உறுப்பினரான இவர் சலுகை நூல்களை வெளிப்படையாகவே அடித்தார். லூதர் ஒரே ஆள்தானே, உலகத்தையே திருத்தவில்லையா, நானும் இந்தத் தொழிலைத் திருத்துவேன் என்ற தோரணையில் பேசினார். சிறைக்கும் போனார். அப்புறம் சமரசம். 1583-ல் ஸ்டேஷனர்ஸ் சங்கத்தில் சேர்ந்தார். 1587-ல் அதே சங்கத்தின் சோதனை அதிகாரியாகி மற்றவர்களின் திருட்டு அச்சை வேட்டையாடினார்.

ஆனால் கடைக்காரரின் வயிற்றெரிச்சலை நெருக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால் வில்லியம் பொன்சன்பியிடம் போக வேண்டும். பிஷப் தலை அடையாளக் கடைக்காரர், கவிஞர்கள் ஸ்பென்சரையும் பிலிப் சிட்னியையும் வெளியிட்டவர். 1586-ல் சிட்னி இறந்த சில வாரங்களிலேயே, அவருடைய 'ஆர்கேடியா' என்ற கதைநூலை யாரோ அச்சிடப் பார்க்கிறார்கள் என்று சிட்னியின் நண்பர் ஃபல்க் கிரெவில்லிடம் போய்ச் சொன்னவர் இவர். அந்த நம்பிக்கைக்குப் பலனாக 1590-ல் நூல் இவருக்கே கிடைத்தது. 1598-ல் தாளை ஒரே முறை மடித்த பெரிய அளவில், ஃபோலியோ பதிப்பு, விலை 9 ஷில்லிங். அடுத்த ஆண்டு எடின்பரோவில் ராபர்ட் வால்ட்கிரேவ் அதையே அடித்து 6 ஷில்லிங்குக்கு லண்டனில் இறக்கினார். ஸ்காட்லாந்து வேறு நாடு, சங்கத்தின் கை அங்கே எட்டாது. 1599 செப்டம்பரில் ரோலண்ட் வைட் என்பவர் சிட்னியின் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: பொன்சன்பி மிக அதிக விலை வைத்திருந்தார், இனி மற்றவர்கள் விற்கிற விலைக்கே விற்றாக வேண்டும், இல்லாவிட்டால் புத்தகங்கள் அவர் கையிலேயே தங்கிவிடும். பொன்சன்பி ஸ்டார் சேம்பர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு எப்படியோ போகட்டும், கையில் தங்கிவிடும் என்ற அந்தப் பயம்தான் இந்தத் தொழிலின் அடிவயிற்றுக் கலக்கம்.

தணிக்கை எவ்வளவு கடுமை?

எழுத்தில் மிகக் கடுமை, நடப்பில் அவ்வப்போது. 1586-ல் ஸ்டார் சேம்பர் ஆணை வந்தது: லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ஆளுக்கு ஒரு அச்சு இயந்திரம், வேறெங்கும் கூடாது, கேன்டர்பரி பேராயர் அல்லது லண்டன் பிஷப்பின் அனுமதி வேண்டும். தேடிப் பிடிக்கும் வேலையைச் சங்கமே செய்தது, ஏனென்றால் அனுமதியில்லாத அச்சு என்பது பாதி நேரம் போட்டிக்காரனின் அச்சு.

மாட்டிக்கொண்டால் கதை வேறு. அரசி பிரெஞ்சு இளவரசரை மணப்பதை எதிர்த்து ஜான் ஸ்டப்ஸ் 1579-ல் எழுதினார். அவருக்கும் நூலைப் பரப்பிய வில்லியம் பேஜுக்கும் வலது கையை வெட்டினார்கள். அடித்துக் கொடுத்த ஹியூ சிங்கிள்டனுக்கு மன்னிப்புக் கிடைத்தது. கத்தோலிக்க நூல்களை அடித்த வில்லியம் கார்ட்டர் 1584-ல் லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் கொல்லப்பட்டார். 1599 ஜூனில் அங்கத நூல்கள் சிலவற்றைத் தடைசெய்து ஸ்டேஷனர்ஸ் மண்டபத்திலேயே எரித்தார்கள். எரிந்தது கடைக்காரரின் காகிதம். அதற்கு இழப்பீடு கிடையாது.

எது நன்றாக விற்றது?

சாமி சரக்கு. பாட்டாக எழுதிய பைபிள் சங்கீதங்கள், ஞானோபதேசம், பிரசங்கம், ஜெபம். அப்புறம் பஞ்சாங்கம், ஆண்டு முடிந்தால் பழசு, அடுத்த ஆண்டு அதே ஆள் மறுபடி வாங்குவார், கடைக்காரருக்கு இதைவிட நல்ல சரக்கு உண்டா?

நாடகம் ஓரத்துச் சரக்கு. 1580-களின் நடுவிலிருந்து எலிசபெத் இறக்கும்வரை புதிதாக அச்சான நாடகங்கள் சராசரியாக ஆண்டுக்கு ஐந்தை ஒட்டித்தான். பெரும்பாலானவை மறுபதிப்புக் காணவில்லை. விதிவிலக்கு, தேவதூதன் அடையாளக் கடையின் ஆண்ட்ரூ வைஸ். 1597, 98-ல் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்', 'மூன்றாம் ரிச்சர்ட்', 'நான்காம் ஹென்றி' முதல் பாகம் மூன்றையும் போட்டார். மூன்றும் திரும்பத் திரும்ப அச்சாகின. அப்படி ஒரு சீட்டு எல்லோருக்கும் விழவில்லை.

லத்தீன் நூல்கள்?

வெளியிலிருந்து வந்தவை. அறிஞர்களுக்கான சரக்கு ஃபிராங்க்ஃபர்ட் சந்தையிலிருந்து, ஆண்டுக்கு இருமுறை. கட்டாத தாளாகத்தான் வரும். உள்ளூர்க் கட்டுநர்களைக் காக்க 1534 முதலே கட்டிய வெளிநாட்டுப் புத்தகம் இறக்கத் தடை.

லண்டனுக்கு வெளியே?

பல்கலைக்கழக ஊர்களிலும் பெரிய சந்தை ஊர்களிலும் கடைகள் இருந்தன. மேலே சொன்ன ரோஜர் வார்டுக்கு ஷ்ரூஸ்பரியில் ஒரு கடை. 1585-ல் எடுத்த அதன் சரக்குப் பட்டியல் இன்றும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அருகே ஸ்டர்பிரிட்ஜ் சந்தைக்கு லண்டன் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். கிராமங்களுக்கு ஊசி, ரிப்பன், பாட்டுத்தாள் எல்லாம் ஒரே மூட்டையில் சுமந்த நடைவியாபாரிகள்.

என்னென்ன புத்தகம் வந்திருக்கிறது என்று கடைக்காரருக்கே எப்படித் தெரியும்?

ஞாபகம்தான், 1595 வரை. அந்த ஆண்டு ஆண்ட்ரூ மான்செல் என்ற கடைக்காரர் ஆங்கிலத்தில் அச்சான நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். ஆசிரியரின் குடும்பப் பெயரை வைத்து அகரவரிசை. அன்றைக்கு அது புதுமை. முதல் பாகம் சமயம், இருப்பதிலேயே தடிமன். இரண்டாம் பாகம் கணிதம், மருத்துவம், ரண சிகிச்சை. வரலாறும் கவிதையும் மூன்றாம் பாகத்தில் வருவதாகச் சொன்னார். அந்தப் பாகம் வரவே இல்லை.